போதிக்காமல் காது கொடுத்த பாதிரியார்

பினாங்கு ஜோர்ஜ்டவுனில் மஸ்ஜிட் கப்பித்தான் கெலிங் சாலைக்கு நல்லிணக்கச் சாலை என்று இன்னொரு பெயர் உண்டு. புனித ஜோர்ஜ் தேவாலயம், குவான் யின் கோயில், ஸ்ரீ மகா மாரியம்மன் ஆலயம், கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் ஆகிய நான்கும் அங்கே ஒன்றுக்கொன்று நடந்து போகும் தூரத்தில் இருக்கின்றன. ஏறக்குறைய 200 ஆண்டுகளாகத் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் தங்கள் மனக்குறைகளைச் சுமந்துகொண்டு இந்த வாசல்களுக்கு வந்து போகிறார்கள். பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, கடன் அடையவில்லை, மகளுக்கு வரன் அமையவில்லை என்று அங்கே வேண்டிக்கொள்ளாத குடும்பம் இல்லை.

ஆனால் சில பாரங்களை எந்தச் சந்நிதியிலும் நாம் வாய் திறந்து சொல்வதில்லை. வாழவே பிடிக்கவில்லை என்ற நினைப்பு அவற்றில் ஒன்று. சாமியிடம் சொன்னால் பாவம், வீட்டில் சொன்னால் திட்டு, வெளியில் சொன்னால் குடும்ப மானம் போய்விடும் என்று அது உள்ளேயே கிடந்து அழுகும். அப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு தொலைபேசி இணைப்பு நம் நாட்டில் இயங்கி வருகிறது. பிஃப்ரெண்டர்ஸ் என்று அதற்குப் பெயர். கோலாலம்பூரைப் போலவே பினாங்கிலும் அதன் கிளை உண்டு. எல்லா இனத்தையும் எல்லா மதத்தையும் சேர்ந்த தொண்டர்கள், சம்பளம் வாங்காமல், முகம் தெரியாதவர்களின் துயரத்தைக் கேட்கிறார்கள்.

இந்த வழக்கத்தைத் தொடங்கி வைத்தவர் சாட் வாரா என்ற ஆங்கிலேயப் பாதிரியார். போதிப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், போதனையை நிறுத்தி வைத்தால்தான் ஓர் உயிரைக் காக்க முடியும் என்று கண்டுகொண்ட கதை இது. அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. நம் ஆலய நிர்வாகங்களும் சமூக இயக்கங்களும் அவர் வாழ்க்கையிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது இன்னும் நிறைய இருக்கிறது.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

எட்வர்ட் சாட் வாரா 1911ஆம் ஆண்டு நவம்பர் 12ஆம் தேதி இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் மாவட்டத்தில் ஹம்பர் ஆற்றங்கரையில் உள்ள பார்ட்டன் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை அவ்வூர்த் தேவாலயத்தின் பாதிரியார். ஒன்பது பிள்ளைகளில் இவர்தான் மூத்தவர். அந்த வட்டாரத்தில் பழங்காலத்தில் சமயப்பணி செய்த புனித சாட் என்பவரின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள்.

இவர் பிறந்த அதே 1911ஆம் ஆண்டில்தான் பேராக் மாநிலத்தில் தஞ்சோங் ரம்புத்தான் மனநல மருத்துவமனை திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் பஹாகியா உலு கிந்தா மருத்துவமனை. ஊர்ப் பெயரோ மலேசியத் தமிழர் வாயில் ஒரு கேலிச் சொல்லாகவே நின்றுவிட்டது. மனம் நோய்வாய்ப்படுவதை நம் சமூகம் எந்தக் கண்ணால் பார்த்து வந்திருக்கிறது என்பதற்கு அந்த ஒரு சொல்லே போதும். அக்கால இங்கிலாந்தும் இதில் நம்மைவிட மேலானதாக இல்லை.

சாட் வாரா ஓக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தின் கீபிள் கல்லூரியில் சேர்ந்தார். அறிவியல் படிக்கப் போனவர் பிறகு தத்துவம், அரசியல், பொருளாதாரம் ஆகியவற்றுக்கு மாறினார். அப்பாவின் வழியில் பாதிரியாராக வேண்டும் என்ற ஆசை முதலில் அவருக்கு இல்லை. ஞானத்தந்தையின் வற்புறுத்தலால்தான் லிங்கன் இறையியல் கல்லூரிக்குப் போனார். பிற்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையின் தலைமைப் பேராயராக உயர்ந்த மைக்கேல் ராம்சி அங்கே அவருக்கு ஆசிரியர். 1935இல் லிங்கன் நகரின் புனித கைல்ஸ் தேவாலயத்தில் உதவிப் பாதிரியாராகப் பணியில் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 23.

முதல் அடக்கச் சடங்கு

பணியில் சேர்ந்ததும் அவர் நடத்திய முதல் அடக்கச் சடங்கே அவர் வாழ்க்கையைத் திருப்பிவிட்டது. இறந்தவள் 14 வயதுச் சிறுமி. நோயோ விபத்தோ அவளைக் கொண்டுபோகவில்லை. அவள் பூப்படைந்திருந்தாள். உடலில் நடந்தது என்னவென்று அவளுக்குச் சொல்லிக் கொடுக்க யாரும் இல்லை. வெளியில் சொல்லக்கூடாத ஏதோ அசிங்கமான நோய் தன்னைப் பிடித்துவிட்டது என்று நம்பி, பயந்து, தன் உயிரை மாய்த்துக்கொண்டாள்.

நம் வீடுகளில் பெண் பிள்ளை பெரியவளானால் சடங்கு சுற்றுகிறோம், மஞ்சள் நீராட்டுகிறோம், உறவைக் கூட்டி விருந்து வைக்கிறோம். அதைப் பற்றி இன்று பல கருத்துகள் உண்டு. ஆனால் அந்தச் சிறுமிக்கு, இது எல்லாருக்கும் வருவதுதான், பயப்படாதே என்று சொல்ல ஒரு அத்தைகூட இல்லை என்பதுதான் அந்த இளம் பாதிரியாரை உலுக்கியது. யாராவது ஒருவர் பத்து நிமிடம் அவளோடு உட்கார்ந்து பேசியிருந்தால் அவள் உயிரோடு இருந்திருப்பாள். மருந்தும் மருத்துவமனையும் தேவைப்படாத ஒரு சாவு அது.

அன்றைக்கே சாட் வாரா இரண்டு முடிவுகளுக்கு வந்தார். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் உடலைப் பற்றியும் உறவைப் பற்றியும் கூச்சமில்லாமல் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது ஒன்று. சாக வேண்டும் என்று நினைக்கும் மனிதர் பேசுவதற்கு ஓர் ஆள் கிடைக்கும்படி செய்ய வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதை உடனே தொடங்கினார். இரண்டாவதற்கு 18 ஆண்டுகள் ஆயின.

சித்திரக் கதை எழுதிய சாமியார்

அடுத்த ஆண்டுகளில் லண்டனின் பட்னி, வடக்கே பாரோ, துணி ஆலைகள் நிறைந்த பிளாக்பர்ன் என்று ஊர் ஊராகப் பணியாற்றினார். 1940இல் சூசனை மணந்தார். ஒரு மகளும் நான்கு மகன்களும் பிறந்தனர். மகன்களில் மூவர் ஒரே பிரசவத்தில் பிறந்தவர்கள். பாதிரியார் சம்பளத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்ப்பது எளிதாக இல்லை.

குடும்பச் செலவுக்காக அவர் பிடித்த வழி வேடிக்கையானது. சிறுவர் சித்திரக் கதைகளுக்கு வசனமும் கதையும் எழுதினார். ஈகிள் என்ற சிறுவர் இதழ் அன்று இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது. அதன் ஆசிரியர் மார்க்கஸ் மோரிஸும் ஒரு பாதிரியார்தான். அதில் வந்த டான் டேர் என்ற விண்வெளி வீரனின் கதைக்கு அறிவியல் ஆலோசகராகவும் சாட் வாரா இருந்தார். பகலில் தேவாலயப் பணி, இரவில் விண்வெளிக் கதை என்று பல ஆண்டுகள் ஓடின. பின்னாளில் அவர் தொடங்கிய சேவைக்குப் பொருள் வசதி இல்லாத நாள்களில், வீட்டு அடுப்பு எரிய இந்தக் கதைகள் உதவின.

இதற்கிடையே இளையோருக்கு உறவு, திருமணம் பற்றிய வகுப்புகளையும் விடாமல் நடத்தி வந்தார். சபையில் முணுமுணுப்பு எழுந்தது. பாதிரியார் பேசக் கூடிய விஷயமா இது என்று சிலர் முகம் சுளித்தார்கள். அவர் பொருட்படுத்தவில்லை. 1952இல் பிக்சர் போஸ்ட் என்ற வார இதழில் இதே பொருளைப் பற்றி அவர் கட்டுரை எழுதியபோது கடிதங்கள் வந்து குவிந்தன. பெரும்பாலானவை ஆலோசனை கேட்டவை. ஆனால் அவற்றுள் சில, வாழ்வை முடித்துக்கொள்ளும் நிலையில் இருந்தவர்கள் எழுதியவை. முன்பின் தெரியாத ஒரு பாதிரியாருக்கு எழுதியவர்கள், பக்கத்து வீட்டாரிடமோ சொந்த ஊர்ப் பாதிரியாரிடமோ அதைச் சொல்லவில்லை. இந்த உண்மை அவர் மனத்தில் ஆழமாகப் பதிந்தது.

அந்நாளில் பெருநகர லண்டனில் மட்டும் நாள்தோறும் மூன்று பேர் தற்கொலை செய்துகொள்வதாக அவர் படித்திருந்தார். தீப்பிடித்தால் 999ஐ அழைக்கலாம், அடிபட்டால் அழைக்கலாம். சாக நினைப்பவர் யாரை அழைப்பார்? இந்தக் கேள்வியிலிருந்துதான் தொலைபேசி என்ற எண்ணம் பிறந்தது.

நிலவறையில் ஒரு தொலைபேசி

1953இல் லண்டன் நகரின் நடுவே உள்ள புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்துக்குத் தலைமைப் பாதிரியார் தேவைப்பட்டார். கிறிஸ்டோஃபர் ரென் என்ற புகழ்பெற்ற கட்டடக் கலைஞர் 17ஆம் நூற்றாண்டில் கட்டிய அழகான ஆலயம் அது. வங்கிகளும் அலுவலகங்களும் சூழ்ந்த இடம் என்பதால் குடியிருப்போர் மிகக் குறைவு. ஞாயிற்றுக்கிழமை சபை பெரிதாகக் கூடாது. வேறொருவர் இதைக் குறையாக நினைத்திருப்பார். சாட் வாராவுக்கு அதுவே வாய்ப்பாகப் பட்டது. சபையைக் கவனிக்கும் வேலை குறைவு என்றால், தவிப்பவர்களைக் கவனிக்க நேரம் கிடைக்கும். நியமிக்கும் உரிமை பெற்றிருந்த மளிகை வணிகர் சங்கத்தாரிடம் தன் திட்டத்தை வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் சம்மதித்தார்கள்.

தொலைபேசி எண் பற்றி ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. எளிதில் நினைவில் நிற்கும்படி மேன்ஷன் ஹவுஸ் 9000 என்ற எண் வேண்டும் என்று அவர் இணைப்பகத்தைக் கேட்டாராம். எந்த எண்ணிலிருந்து பேசுகிறீர்கள் என்று அவர்கள் கேட்க, கருவியின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்துப் பார்த்தால், அதில் இருந்த எண்ணே அதுதானாம். அந்தப் பழைய கறுப்புத் தொலைபேசி பின்னாளில் அதே ஆலயத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டது.

1953ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் தேதி முதல் அழைப்பு வந்தது. கிறிஸ்தவர்கள் இறந்தோரை நினைத்து வழிபடும் கல்லறைத் திருநாளும் அன்றுதான். தொடக்கத்தில் இருந்தவர்கள் இருவரே. ஒருவர் சாட் வாரா, மற்றவர் அவருடைய செயலாளர் விவியன் புரோசர். அடுத்த மாதமே டெய்லி மிரர் நாளிதழ் இவர்களைத் தொலைபேசிச் சமாரியர்கள் என்ற பொருளில் தலைப்பிட்டுச் செய்தி வெளியிட்டது. வழியில் அடிபட்டுக் கிடந்த வேற்றினத்தானை எடுத்துக் காப்பாற்றிய நல்ல சமாரியனின் கதை விவிலியத்தில் வருகிறது. அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. சமாரிட்டன்ஸ் என்ற அமைப்பு அப்படித்தான் பெயர் பெற்றது.

தேநீர் கொடுத்தவர்கள் செய்த வேலை

செய்தி பரவியதும் தொலைபேசியில் அழைத்தவர்கள் போக, நேரிலும் ஆள்கள் வரத் தொடங்கினார்கள். ஒவ்வொருவரையும் சாட் வாரா தனித்தனியே பார்த்துப் பேசினார். மற்றவர்கள் வெளியே காத்திருந்தார்கள். உதவி செய்ய முன்வந்த சில சாதாரண மனிதர்கள், காத்திருப்போருக்குத் தேநீர் போட்டுக் கொடுத்து, அவர்களோடு உட்கார்ந்திருந்தார்கள். இவர்கள் மருத்துவர்களோ மனநல நிபுணர்களோ அல்லர்.

சில வாரங்களில் பாதிரியார் ஒன்றைக் கவனித்தார். காத்திருந்தவர்களில் பலர் அவரைப் பார்க்காமலேயே முகம் தெளிந்து வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். தேநீர்க் குவளையை நீட்டியவரிடமே எல்லாவற்றையும் கொட்டிவிட்டிருந்தார்கள். கேட்டவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, அவருக்குச் சொல்லத் தெரியவும் இல்லை. அவர் வெறுமனே கேட்டார். அது போதுமானதாக இருந்தது.

தன்னைவிட இவர்கள் இந்த வேலையை நன்றாகச் செய்கிறார்கள் என்று ஒரு தலைவர் ஒப்புக்கொள்வது அரிது. சாட் வாரா ஒப்புக்கொண்டார். 1954ஆம் ஆண்டு பிப்ரவரி 2ஆம் தேதி, தொடங்கிச் சரியாக மூன்று மாதத்தில், தொலைபேசியைத் தொண்டர்கள் கையில் ஒப்படைத்தார். இனி முதல் அழைப்பை அவர்களே எடுப்பார்கள். தொண்டர்களைத் தேர்ந்தெடுப்பதும் பயிற்சி கொடுப்பதும் கண்காணிப்பதும் தன் வேலை என்று ஒதுங்கிக்கொண்டார். தோழமை கொடுப்பவர்கள் என்ற பொருளில் அவர்களை பிஃப்ரெண்டர்ஸ் என்று அழைத்தார்.

மதம் பேசக்கூடாது என்ற விதி

அவர் வகுத்த விதிகளில் மிக முக்கியமானது, தொண்டர் தன் மதத்தையோ அரசியலையோ சொந்தக் கொள்கையையோ அழைப்பவர் மேல் திணிக்கக் கூடாது என்பது. ஒரு தேவாலயத்தின் நிலவறையில், ஒரு பாதிரியாரின் தலைமையில் நடந்த சேவையில் இப்படி ஒரு விதி. மனம் உடைந்திருப்பவரை மதமாற்றத்துக்கு ஏற்ற ஆளாகப் பார்ப்பது அவருக்குச் சிறிதும் பிடிக்காது. கடவுளைப் பற்றிப் பேசியே தீர வேண்டும் என்று துடிப்பவர்களுக்கு அந்தத் தொலைபேசியருகே இடமில்லை.

மற்ற விதிகளும் இதையொட்டியவையே. சொன்னது வெளியே போகாது. பெயர் சொல்ல வேண்டிய கட்டாயம் இல்லை. நீ செய்தது தவறு என்று தீர்ப்புச் சொல்வது கிடையாது. தன் வாழ்க்கையைப் பற்றி முடிவெடுக்கும் உரிமை அழைப்பவருடையது. மருத்துவ உதவி தேவைப்படுகிறவர்களை அடையாளம் கண்டு மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். கேட்பது மருத்துவத்துக்கு மாற்று என்று அவர் ஒருபோதும் சொல்லவில்லை. மருத்துவரின் வாசல்வரை ஒருவரை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்ப்பது தோழமையின் வேலை என்றே கருதினார்.

இந்த விதியால் கிடைத்த பயன் பெரிது. மதம் பேசாத இடத்துக்கு எல்லா மதத்தாரும் வரலாம். ஒரு கிறிஸ்தவர் கேட்பார், ஓர் இந்து அழைப்பார். அழைப்பவர் முஸ்லிமாக இருக்கலாம், கேட்பவர் கடவுள் நம்பிக்கையே இல்லாதவராக இருக்கலாம். பல மதத்தார் கூடி நல்லிணக்க மாநாடு நடத்துவது ஒரு வகை. ஒரே மேசையில் முறை வைத்து உட்கார்ந்து ஒரே தொலைபேசியை எடுப்பது இன்னொரு வகை. இந்த இரண்டாவது வகைதான் பல இனம் வாழும் நாடுகளில் வேர்விட்டது.

குற்றவாளியா, துயரப்படுபவரா?

சாட் வாரா இந்தச் சேவையைத் தொடங்கியபோது இங்கிலாந்தில் தற்கொலை முயற்சி சட்டப்படி குற்றம். பிழைத்துக்கொண்டவர் மருத்துவமனையிலிருந்து நேரே நீதிமன்றத்துக்குப் போக வேண்டிய நிலையும் இருந்தது. அப்படியிருக்க யார் உதவி கேட்டு வாய் திறப்பார்கள்? 1961இல்தான் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது.

நம் நாட்டுக் கதையும் இதுவே, ஆனால் மிக நீளமானது. ஆங்கிலேயர் விட்டுச்சென்ற தண்டனைச் சட்டத்தின் 309ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும் விதிக்க இடம் கொடுத்தது. ஆங்கிலேயர்கள் தங்கள் நாட்டில் அதைக் கைவிட்ட பிறகும் 60 ஆண்டுகளுக்கு மேல் நாம் அதை வைத்திருந்தோம். இலங்கை 1998இல் அதை நீக்கியது. இந்தியா 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின் வழியாக அதன் பிடியைத் தளர்த்தியது. சிங்கப்பூரில் 2020இல் அது நீங்கியது. மலேசிய நாடாளுமன்றம் 2023இல் 309ஆம் பிரிவை நீக்கியது.

சட்டம் மாறிவிட்டது. வீட்டில் நாம் நடத்தும் நீதிமன்றம் இன்னும் கலையவில்லை. முயன்று பிழைத்தவரைக் குற்றவாளியைப் போல் கேள்வி கேட்பதும், மருத்துவரிடம் கூட்டிப்போனால் நாளைக்குக் கல்யாணப் பேச்சு கெட்டுவிடும் என்று மறைப்பதும் நம் குடும்பங்களில் நடந்துகொண்டுதான் இருக்கின்றன.

லண்டனிலிருந்து பினாங்கு வரை

லண்டனுக்கு வெளியே முதல் கிளை 1959இல் எடின்பரோவில் தொடங்கியது. பிறகு பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 200க்கும் மேற்பட்ட கிளைகள் உருவாயின. ஆசியாவில் 1960இல் ஹாங்காங்கில் இதே வழியில் ஒரு சேவை எழுந்தது. சிங்கப்பூரில் 1969இல் ஒரு மெதடிஸ்ட் பாதிரியாரின் முயற்சியால் தொடங்கியது. 1970இல் கோலாலம்பூரில் பிஃப்ரெண்டர்ஸ் பிறந்தது. பின்னர் பினாங்கு, ஈப்போ உட்பட வேறு நகரங்களிலும் அது பரவியது. இங்கே எந்த மதத்தையும் நினைவூட்டாத பிஃப்ரெண்டர்ஸ் என்ற பெயரே நிலைத்தது. பல சமயம் வாழும் மண்ணில் அதுதான் பொருத்தம்.

1974இல் உலக அளவில் இந்த அமைப்புகளை இணைக்கும் கூட்டமைப்பு உருவானது. சாட் வாரா அதன் தலைவராக ஒன்பது ஆண்டுகள் இருந்தார். அதே 1974இல் இலங்கையில் ஜோன் டி மெல் என்ற பெண்மணி சுமித்ரயோ அமைப்பைத் தொடங்கினார். நல்ல நண்பர்கள் என்பது அந்தச் சிங்களச் சொல்லின் பொருள். 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் சிநேகா அமைப்பைத் தொடங்கினார். லண்டனில் ஒரு பாதிரியார், கொழும்பில் ஒரு சமூக சேவகி, சென்னையில் ஒரு மருத்துவர். தொடங்கியவர்கள் வெவ்வேறு வகையினர். நண்பன் என்ற சொல் மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றாக இருந்தது.

எல்லாருக்கும் நல்லவர் அல்லர்

சாட் வாராவைச் சாந்த சொரூபியாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். பிடிவாதக்காரர். மனத்தில் பட்டதை முகத்துக்கு நேரே சொல்பவர். உறவுகளைப் பற்றி அவர் கொண்டிருந்த கருத்துகள் சபையில் பலருக்கு எரிச்சலூட்டின. கிறிஸ்தவப் பாதிரியாராக இருந்தும் மறுபிறவியை நம்பினார். 1992இல் வெளிவந்த தன் வரலாற்று நூலுக்கு, மறுபடியும் சாவதற்கு முன் என்று பொருள்படும் தலைப்பை வைத்தார். அதே ஆண்டில், தம் 80ஆம் வயதைக் கடந்த பிறகு, சிறுமிகளின் பிறப்புறுப்பைச் சிதைக்கும் கொடிய வழக்கத்துக்கு எதிராக ஆண்களைத் திரட்டும் ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். முதல் அடக்கச் சடங்கில் பார்த்த அந்தச் சிறுமியை அவர் மறக்கவில்லை என்றே தோன்றுகிறது.

தான் பெற்ற பிள்ளையான சமாரிட்டன்ஸ் அமைப்போடும் முதுமையில் அவருக்குப் பிணக்கு ஏற்பட்டது. தற்கொலையின் விளிம்பில் நிற்பவர்களுக்கு முதலிடம் என்ற தொடக்க நோக்கம் மங்கிவிட்டதாக அவர் மனம் வருந்தினார். அமைப்பு அவரில்லாமலும் நடந்தது. அவர் கைவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தானே 1954இலேயே தொலைபேசியை ஒப்படைத்தார் என்றும் சொல்லலாம்.

மனைவி சூசன் 1993இல் காலமானார். உலகெங்கும் கிளைகள் கொண்ட கிறிஸ்தவத் தாய்மார் சங்கத்துக்குத் தலைமை வகித்தவர் அவர். சாட் வாரா புனித ஸ்டீபன் ஆலயத்தில் 50 ஆண்டுகள் பணியாற்றி 2003இல்தான் ஓய்வு பெற்றார். 2007ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் தேதி, 96ஆவது பிறந்தநாளுக்கு நான்கு நாள் முன்னதாக மறைந்தார்.

நமக்கு என்ன வேலை?

2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வு, நம் நாட்டில் 16 வயதுக்கு மேற்பட்டோரில் 4.6 விழுக்காட்டினர், அதாவது சுமார் 10 லட்சம் பேர், மன அழுத்த நோயால் அவதிப்படுவதாகக் காட்டியது. 2019இல் இருந்ததைப்போல் இது இரு மடங்கு. தற்கொலையைப் பொறுத்தவரை, மக்கள் தொகை விகிதப்படி பார்த்தால் இந்தியர்களின் நிலைதான் மிகவும் கவலைக்குரியது என்று நாட்டில் நடந்த ஆய்வுகள் காட்டி வந்துள்ளன. இது நம் வீட்டுப் பிரச்சினை.

பினாங்குக்கு மதம் கடந்து போவது புதிதல்ல. தைப்பூசத்தன்று தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் சீனர்கள் தேங்காய் உடைக்கிறார்கள். புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னாள் திருவிழாவுக்கு இந்துக்கள் மெழுகுவர்த்தியோடு போகிறார்கள். சூலியா தெருப் பக்கத்து நாகூர் தர்கா பல தலைமுறைகளாக நிற்கிறது. குவான் யின் என்ற பெயருக்கே உலகத்தின் ஓலத்தைக் கேட்பவள் என்றுதான் பொருள். கேட்பது எல்லா மதத்துக்கும் பொதுவான தர்மம். அதை ஒழுங்குபடுத்திச் செய்ய வேண்டியதுதான் பாக்கி.

ஆலய நிர்வாகங்கள் நினைத்தால் செய்யக் கூடியவை உண்டு. வாரத்தில் ஓரிரு மாலை, வளாகத்தில் ஓர் அமைதியான அறையை ஒதுக்கலாம். பயிற்சி பெற்ற இருவர் அங்கே உட்கார்ந்திருக்கலாம். அவர்களில் ஒருவர் பெண்ணாக இருப்பது அவசியம். மாமியார் கொடுமை, குடிகாரக் கணவன், பரீட்சைப் பயம், காதல் தோல்வி, வட்டிக்காரன் தொல்லை எதுவானாலும் கேட்க வேண்டும், ஊருக்குள் அது போகக் கூடாது. பரிகாரமும் சாபமும் கர்மவினையும் பேசக் கூடாது. பள்ளிவாசலும் தேவாலயமும் புத்த விகாரமும் இப்படியே செய்து, தொண்டர்களுக்கான பயிற்சியை எல்லாரும் சேர்ந்து ஒரே இடத்தில் நடத்தலாம். மருத்துவம் தேவைப்படுபவரை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூடவே போய்ச் சேர்ப்பிக்கலாம். பூசைக்குத் தடையில்லை, பிரார்த்தனைக்கும் தடையில்லை. மருத்துவர் கொடுத்த மாத்திரையை மட்டும் நிறுத்தச் சொல்லக் கூடாது.

வீட்டிலும் தொடங்கலாம். வாழப் பிடிக்கவில்லை என்று யாராவது சொன்னால் அதைச் சும்மா மிரட்டல் என்று தள்ளாதீர்கள். உன்னைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் எத்தனை பேர் என்று ஒப்பிட்டுப் பேசாதீர்கள். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை, சொல்ல முடியாததைச் சொல்ல ஒரு வழி கிடைக்கிறது என்றுதான் மனநல மருத்துவர்கள் விளக்குகிறார்கள். கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டு, ஒரு தேநீர் போட்டுக் கொடுத்து, எதிரே உட்காருங்கள். பேசி முடிக்கும்வரை அறிவுரையை அடக்கி வையுங்கள். ஆபத்து நெருங்கியிருப்பதாகத் தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இதைப் படிக்கும் உங்களுக்கே அந்தப் பாரம் இருக்குமானால், இன்றே யாரிடமாவது சொல்லுங்கள். வீட்டில் சொல்ல முடியாவிட்டால் கோலாலம்பூர் பிஃப்ரெண்டர்ஸ் 03-7627 2929 என்ற எண்ணில் 24 மணி நேரமும் கிடைப்பார்கள். சுகாதார அமைச்சின் ஹீல் உதவி எண் 15555. அவசரத்துக்கு 999. பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, மதத்தையும் யாரும் கேட்கமாட்டார்கள்.